வயிற்றுவலிக்கு எதற்கு மனச்சோர்வு மாத்திரை?

கேள்வி: நான்கு வருடங்களாக அடிவயிற்றில் வலி, உப்புசம். முக்கியமான வேலையாகக் கிளம்பும்போதுதான் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். ‘ஐபிஎஸ்’ (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எளிதில் எரிச்சலடையும் குடல்) என்று சொல்லி, இரவில் போட 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தார் டாக்டர். அது மனச்சோர்வுக்கான மாத்திரையாமே! வீட்டில் ஏற்கெனவே “எல்லாம் உன் மனசுலதான்” என்கிறார்கள். என் வலி பொய்யா? மாத்திரையைப் பிரிக்கவே இல்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வயது 36)

பதில்: பொய்யே இல்லை. கொலனோஸ்கோபி குடலின் உட்பரப்பைப் பார்க்கும். புண், கட்டி, அழற்சி இருந்தால் காட்டிவிடும். அந்தச் சுவருக்குள் இருக்கும் நரம்புகள் எவ்வளவு கூச்சத்தோடு இருக்கின்றன என்பதை அது காட்டாது. உங்கள் சிக்கல் அங்கேதான்.

ஐபிஎஸ் உள்ளவர்களின் மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மற்றவர்கள் ‘ஏதோ அழுத்துகிறது’ என்று சொல்லும் அளவிலேயே இவர்களில் பலருக்கு வலித்துவிட்டது. காற்று அதேதான், நரம்பு அதை உரக்கச் சொல்கிறது. சிலருக்கு இது கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு தொடங்குவதுண்டு. உங்களுக்கு அப்படி ஏதும் நடந்ததா?

வீட்டார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் தலைகீழாக. குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. பதற்றம் வயிற்றைக் கலக்குவது போலவே, தினமும் படுத்தும் வயிறும் மனதைக் கலக்கும். நான்கு வருடம் இப்படி அவதிப்பட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இனி மாத்திரை. மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். இந்தச் சிறிய அளவு, குடலிலிருந்து போகும் வலிச் செய்தியை மட்டுப்படுத்தத்தான். இங்கிலாந்தில் 463 ஐபிஎஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். 6 மாதத்தில், வெற்று மாத்திரை போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. முதலில் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் வரலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நான்கே நாளில் நிறுத்திவிடாதீர்கள். குடலின் வேகத்தையும் இது குறைக்கும். அவசரமாக ஓடும் உங்களுக்கு அது அனுகூலம், மலச்சிக்கல் உள்ளவருக்குத் தொல்லை. இதயக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் இயல்பு. அதனால் வெளியே போகிற நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள். பட்டினி கிடப்பது உதவாது. பயந்து ஒவ்வொரு உணவாக ஒதுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். ஒதுக்கித்தான் பார்க்க வேண்டுமென்றால், உணவியல் நிபுணரின் துணையோடு சில வாரங்கள் மட்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு: இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. புதிதாக ஏதேனும் தலைகாட்டினால், பழைய ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.