மழை தரைக்கு வராத இடிமின்னல்: காட்டுத்தீ பற்றிய கேள்வி பதில்

காட்டுத்தீ எச்சரிக்கைகளில் வரும் "வறண்ட இடிமின்னல், பலத்த காற்று" என்ற வரியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: இடி இடித்தால் மழை வரும், தீ அணையும். இதில் என்ன ஆபத்து சார்?

மழை மேலே பெய்கிறது, கீழே வந்து சேர்வதில்லை. மேகத்தின் அடிப்பகுதி மிக உயரத்தில் இருந்து, அதற்குக் கீழுள்ள காற்று காய்ந்து கிடந்தால், துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மேகத்திலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்கி, பாதியில் மறைவது தெரியும். மின்னல் மட்டும் தரைவரை வந்துவிடும். 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் இப்படித்தான் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பற்றியது. அவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்து எரிந்த ஒரே தீ மட்டும் 10 லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

கேள்வி: மழையே இல்லாதபோது அவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது?

அந்த வராத மழையிலிருந்துதான். துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி, கீழே பாய்ந்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் பரவுமே, அதே மாதிரி. மேகம் தொலைவில் இருந்தாலும் இந்தக் காற்று வந்து சேரும்.

வேகத்தை விட அதன் திசையை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நீளவாக்கில் ஓடும் தீயின் பக்கவாட்டில் காற்று திரும்பி அடித்தால், அந்தப் பக்கம் முழுவதும் தீயின் முன்முனையாகிவிடும். அரிசோனாவின் யார்னெல் மலையில் 2013 ஜூன் 28 அன்று மின்னலால் தீ பிடித்தது. இரண்டு நாள் கழித்து, வடகிழக்கே போய்க்கொண்டிருந்த அந்தத் தீயை இடிமேகத்தின் காற்று தெற்கே திருப்பியது. ஒரே குழுவைச் சேர்ந்த 19 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மேகத்தைக் கவனிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கேள்வி: மின்னல் நின்று ஒரு நாள் ஆகிறது, புகை தெரியவில்லை. இனி நிம்மதிதானே?

இல்லை. மரத்துக்குள்ளும் சருகு மக்கிய அடுக்குக்குள்ளும் கங்கு பல நாள் உறங்கும். காற்றும் வெயிலும் கூடும் நாளில் எழும். தீ தெரிந்துவிட்டாலும், அது எட்டாத மலையில் இருந்தால் அணைப்பது எளிதல்ல. கான்பெராவுக்கு மேற்கே 2003 ஜனவரி 8 அன்று மின்னலால் பிடித்த தீ, 18ஆம் தேதி நகருக்குள் வந்து ஏறக்குறைய 500 வீடுகளை அழித்தது.

கேள்வி: பெரிய தீ தானே இடிமேகத்தை உண்டாக்குமாமே?

உண்மை. சூடான புகை உயரே போய் இடிமேகமாகும். அதன் மின்னல் தள்ளிப்போய் விழுந்து புதுத் தீயை மூட்டும்.

கேள்வி: எச்சரிக்கை வந்த நாளில் நாங்கள் என்ன செய்வது?

பொறி பறக்கும் எந்த வேலையும் வேண்டாம். காய்ந்த புல்லை எந்திரத்தால் வெட்டாதீர்கள், அதன் மேல் வண்டியையும் நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாயே போதும், பற்றிக்கொள்ளும். அப்புறம், வெளியேற இரண்டு வழி பார்த்து வையுங்கள்.

கேள்வி: தீ எங்களுக்கு எதிர்த்திசையில் போகிறது, இடிமேகமும் தூரத்தில்தான். காத்திருக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. அதிகாரிகள் சொல்லும்வரை கூடப் பார்க்காதீர்கள். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ இருந்தால் இப்போதே கிளம்புங்கள். திடீரெனக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், திசை மாறும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.