வேர் நுனியில் கோடு போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிக்கூடத்தோடு உயிரியலை விட்டவள் நான். படித்தது வணிகவியல், பார்ப்பது கணக்கு வேலை. செடிகள் மேல் ஏற்பட்ட ஆர்வத்தில் இணையத்தில் தாவர உயிரியல் அடிப்படைப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். வாரத்துக்குச் சில வீடியோக்கள், முடிவில் ஒரு தேர்வு. மதிப்பெண் நன்றாகவே வருகிறது. ஆனால் ஜன்னலோரச் செடியைப் பார்த்தால் படித்தது எதுவும் அதில் தெரிவதில்லை. செடி கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை செய்யும் வினைத்தொடரான கேல்வின் சுழற்சி வந்த வாரத்தோடு நின்றுவிட்டேன். திரும்பத் திரும்பப் பார்த்தும் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. அதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா? ஆய்வகமே இல்லாமல் வீடியோ வழியாக இந்தத் துறையைக் கற்க முடியுமா? சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். வீட்டில் இருந்தபடியே ஆழமாகப் போகக்கூடிய அறிவியல் துறைகள் குறைவு, தாவர உயிரியல் அவற்றில் ஒன்று. சில விதைகளும் ஈரத் துணியும் இருந்தால் தொடங்கிவிடலாம். உங்களைத் தடுப்பது பாடம் ஓடுகிற வேகம் என்று நினைக்கிறேன். மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் திணறிக் கண்டுபிடித்ததை வீடியோ பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. விடை வந்து சேர்கிறது, அது எந்தக் கேள்விக்கான விடை என்பது வந்து சேர்வதில்லை. தேர்வில் மதிப்பெண் வாங்க விடை போதும். செடியைப் பார்க்கும்போது உதவுவது கேள்விதான்.

எனவே பாடத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விதையின் எடை மிகச் சிறிது. அதிலிருந்து வந்த மரம் டன் கணக்கில் நிற்கிறது. அவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதத் தெரிந்தவர்களே அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் இதை எடைபோட்டே பார்த்தார். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் வந்தது. மண்ணைத் திரும்ப உலர்த்தி எடைபோட்டபோது குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து உண்டானது என்று முடிவுக்கு வந்தார். அவர் இறந்த பிறகு, 1648-இல், இது அச்சில் வெளிவந்தது.

இதே மனிதர்தான் மரக்கரியை எரித்து, 62 பவுண்டு கரியில் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போய்விடுகிறது என்று கணக்கிட்டவர். அந்த வாயுவை நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். எரியும்போது மரத்தை விட்டுப் போகும் அதே பொருள்தான் வளரும்போது மரத்துக்குள் வந்தது. இரண்டு சோதனையும் அவர் கையிலேயே இருந்தன. இடையில் கோடு போட ஆள் இல்லை. எனக்கு அறிவியல் வரலாற்றில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

அந்தக் கோடு மெல்லத்தான் விழுந்தது. 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றைப் புதினாச் செடி ஒன்று திரும்பச் சரிசெய்வதைக் கண்டார். 1779-இல் இங்கென்ஹவுஸ், வெளிச்சம் இருந்தால்தான் அது நடக்கிறது, அதுவும் பச்சைப் பகுதியில்தான் நடக்கிறது என்று காட்டினார். 1804-இல் சொஸ்யூர் எடைக் கணக்கைச் சரிபார்த்து, கார்பன் டை ஆக்சைடோடு தண்ணீரும் செடியின் உடலாகச் சேர்கிறது என்றார். செடி வெளிவிடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க 1941 ஆனது. ஆக, ஹெல்மான்ட் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பாடத்தின் மற்ற வாரங்களை இந்தக் கேள்வியின் வழியாகப் பாருங்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அவ்வளவு அரிதான ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் இலை தன் துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி, 90 சதவீதத்துக்கும் மேல், இப்படித்தான் வெளியேறுகிறது. காப்புச் செல்கள் துளைகளைத் திறந்து மூடுவதும், வேர் அவ்வளவு தூரம் கிளைப்பதும், சைலம் என்ற நீர்க்குழாய் அமைப்பும் இந்த ஒரு நெருக்கடிக்குச் செடி கண்ட வழிகள். அப்புறம், ஆவியாகும் அதே தண்ணீர்தான் கீழே இருக்கும் தண்ணீரை மேலே இழுக்கிறது. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களிலும் அதற்கென்று ஒரு பம்பு கிடையாது. கள்ளி இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சர்க்கரை செய்கிறது. இலைத்துளை, நீராவிப்போக்கு, வறட்சித் தகவமைப்பு என்று தனித்தனி வாரங்களாக நீங்கள் பார்த்தவை ஒரே கதைதான்.

கேல்வின் சுழற்சிக்கு வருகிறேன். இடையில் வரும் சேர்மங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தேர்வு கேட்டால் பாடக்குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டுப் போங்கள். என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது, செலவு என்ன என்பதை மட்டும் பிடியுங்கள். கணக்கு பார்க்கும் உங்களுக்கு இது எளிது. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வரவு, மூன்று கார்பன் கொண்ட சர்க்கரை ஒன்று இருப்பு, அதற்கு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஹெச் செலவு. இவை இரண்டும் செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகள். அந்தச் செலவுக்கான தொகையைத்தான் இலைச் செல்லுக்குள் இருக்கும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் சவ்வுகளில் சூரிய ஒளி சம்பாதித்துத் தருகிறது. முந்தைய வாரம் பார்த்த ஒளி வினைகள் எதற்கு என்பது இங்கே விளங்கும்.

ரூபிஸ்கோவை மட்டும் பெயரோடு நினைவில் வையுங்கள். காற்றிலிருந்து கார்பனைப் பிடித்துச் சுழற்சிக்குள் சேர்க்கும் நொதி அது. மிக மெதுவானது, நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான். போதாததற்கு, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வரும் இழப்பைத் தவிர்க்கத்தான் சோளமும் கரும்பும் கார்பன் டை ஆக்சைடை முன்கூட்டியே செறிவாக்கி ரூபிஸ்கோவிடம் சேர்க்கும் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. சி4 தாவரங்கள் என்று பாடத்தில் வரும்.

பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பள்ளியில் படித்தது மனதில் இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் வெளியே தெரிவதில்லை.

சரி, ஆய்வகம். முதலில் இதைச் செய்யுங்கள். அவரை விதை சிலவற்றை ஊறவைத்து ஈரத் துணியில் முளைக்க விடுங்கள். வேர் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வந்ததும் மெதுவாக ஒற்றி ஈரத்தை எடுத்து, அழியாத மையுள்ள மெல்லிய பேனாவால் நுனியிலிருந்து மேல்நோக்கி இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். திரும்ப ஈரத்தாளில் சுருட்டி, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திவையுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பார்த்தால் மேலே இருக்கும் கோடுகள் போட்ட இடைவெளியிலேயே இருக்கும். நுனியை ஒட்டியவை மட்டும் விலகி, இழுபட்டு, மங்கியிருக்கும். வேர் தன் நீளம் முழுக்க வளர்வதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால், சில மில்லிமீட்டருக்குள் நீள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் செய்து காட்டிய சோதனை இது. ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். மண்ணுக்குள் புதைந்திருக்கும் வேர் முழுவதும் நீண்டால், பக்கவாட்டில் மண்ணைப் பற்றியிருக்கும் வேர்த்தூவிகள் எல்லாம் அறுந்துபோகும். மரத்தில் அடித்த ஆணி எத்தனை ஆண்டு ஆனாலும் அதே உயரத்தில் இருப்பதற்கும் விளக்கம் இதே திசையில்தான். தண்டும் நுனியில்தான் உயர்கிறது, கீழே பருக்க மட்டும் செய்கிறது.

அடுத்தது ஒளி. கோதுமை அல்லது மக்காச்சோளத்தை இருட்டில் முளைக்கவைத்து, பக்கவாட்டில் ஒரு துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். முளை துளைப் பக்கம் வளையும். சிலவற்றின் நுனியில் மட்டும் அலுமினியத் தாளில் சிறு தொப்பி போடுங்கள், அவை நிமிர்ந்தே நிற்கும். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் இதைப் புல் முளைகளில் செய்து 1880-இல் எழுதினார்கள். ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. அப்படியானால் இடையில் ஏதோ செய்தி இறங்கிப் போகிறது. 1920-களில் பிரிட்ஸ் வெண்ட் என்ற டச்சு மாணவர், வெட்டிய நுனிகளை அகர் என்ற கெட்டிக்கூழ்த் துண்டின் மேல் வைத்திருந்து, பிறகு அந்த அகரை மட்டும் நுனி இல்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை வளைந்தது. அந்தச் செய்திதான் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன். ஹார்மோன்கள் வரும் வாரத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். தொப்பி போட்ட முளையைப் பார்த்த பிறகு ஆக்ஸின் என்ற பெயர் மறக்காது.

மற்றபடி சில சின்ன விஷயங்கள். வீடியோ முடிந்ததும் தேர்வை எழுதாதீர்கள், இரண்டு நாள் கழித்து எழுதுங்கள். உடனே எழுதினால் காதில் இருக்கும் ஒலியைத்தான் அது சோதிக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் பார்க்காமல் ஒரு படம் வரையுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. பாடம் ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். விதை முளைக்க ஆகும் நாளைக் குறைக்க முடியாது, அதோடு சேர்ந்து போவதுதான் வசதி.

சான்றிதழ் வேலைக்கோ மேற்படிப்புக்கோ உதவும் என்றால் பணம் கட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு சிறிய கையடக்க நுண்ணோக்கி வாங்குங்கள். இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, உலர்ந்ததும் ஒட்டும் டேப்பால் உரித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பாருங்கள். இலைத்துளைகளின் அச்சு பதிந்திருக்கும். அதே இலையின் மேல்பக்கத்திலும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஏன் வித்தியாசம் என்று, பாடத்தைப் பார்க்காமல், நீங்களாக ஒரு விளக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.