வைரஸ் அடங்கியும் சிடி4 ஏறாதபோது
எச்ஐவிக்குச் சிகிச்சை பெறும் உங்கள் அண்ணனின் சிடி4 (நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளை அணுக்கள்) ஏறாததால் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டியதில்லை. ஒன்றரை ஆண்டாக டிஎல்டி (மூன்று எச்ஐவி மருந்துகள் சேர்ந்த மாத்திரை) உட்கொண்டு, வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலைக்கு வந்த பின்னும் உங்கள் அண்ணனின் சிடி4 எண்ணிக்கை 170-ஐத் தாண்டவில்லை என்பதால் மருந்து பலனளிக்கவில்லை என்று பொருளாகாது.

வைரஸ் பெருகாமல் தடுப்பதே அம்மருந்தின் வேலை. அழிந்த சிடி4 அணுக்களை உடல்தான் ஈடுசெய்ய வேண்டும். சிகிச்சை தாமதமாகத் தொடங்கியவர்களிடம், வைரஸ் அதற்குள் குடல் சுவரிலுள்ள நிணத்திசுவைச் சிதைத்து, நிணநீர் முடிச்சுகளில் தழும்புகளை உண்டாக்கியிருப்பதாலும், இவ்வகை அணுக்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கிவிடுவதாலும், அந்த மீட்சி மிக மெதுவாகவே நடக்கும். பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

அடுத்த முறை சிடி4 விழுக்காட்டையும் (லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்பதை) கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வேறு தொற்றினாலும், இரத்தம் எடுத்த நேரத்தைப் பொறுத்தும் மாறும். விழுக்காடு அவ்வளவாக மாறாது. சிடி4 எண்ணிக்கையைக் குறைக்கக்கூடிய பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எதையேனும் அவர் உட்கொண்டால் ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் அவசியம் சொல்லுங்கள்.

தொற்றுகளைத் தடுக்கத் தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மட்டும் அவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தால் நிமோசிஸ்டிஸ் நிமோனியா (ஒருவகைப் பூஞ்சையால் வரும் நுரையீரல் தொற்று) வரும் ஆபத்து அதிகம். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஒன்று தென்பட்டாலும், வைரஸ்தான் அடங்கியிருக்கிறதே என்று காத்திராமல் உடனே காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.