உதவித்தொகையும் கூச்சமும்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவருடையது ஒப்பந்த வேலை. போன மாதத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு இந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்பது செயலியைப் பார்த்தால்தான் தெரியும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் ஒரு மாதத்துக்கே இல்லை. எங்கே தவறினோம்? அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்திருப்பதால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அடுத்தவர் காசில் வாழக் கூசுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

ஆறு மாதக் கணக்கை விடுங்கள். அது சம்பளம் நிலையாக வருகிறவர்களுக்குச் சொன்னது. வாரத்துக்கு வாரம் வருமானம் ஏறி இறங்கும் வீட்டில் மீதம் பிடிக்க முடியாததற்கு நீங்கள் பொறுப்பில்லை. வியாபாரம் மந்தமானால் முன்பு முதலாளிக்கு நஷ்டம். இப்போது உங்கள் மணி நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்தவர் காசா? உங்கள் கணவர் சம்பளத்தில் பிடித்தது யார் காசு? கோபமாகத்தான் கேட்கிறேன்.

என் அப்பா இயந்திரத்தில் கை சிக்கி மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். இழப்பீட்டுக்கு மனுப் போட அம்மா சம்மதிக்கவே இல்லை. நாலு பேர் முன்னால் போய் நிற்பதா என்றார். வட்டிக்கு வாங்கினார். கடனை அடைக்க அக்கா படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நன்றாகப் படிக்கிற பெண். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மனதில் அந்தக் கூச்சத்தை ஏற்றிவைத்தவர்களை மன்னிக்கவும் மாட்டேன்.

ஏற்றித்தான் வைத்தார்கள். 1931-இல் பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கு வீட்டு வருமானச் சோதனை வந்தது. அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். மகனோ மகளோ சம்பாதித்தால் அப்பாவின் தொகையில் கை வைப்பார்கள். அதற்காகவே பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. உதவி என்ற பெயரில் குடும்பத்தைப் பிரித்தார்கள்! 1942-இல் பெவரிட்ஜ் என்பவர் அதே பிரிட்டனில் அரசுக்குக் கொடுத்த அறிக்கை வேறு வழி சொன்னது: எல்லோரும் கட்டுங்கள், நெருக்கடி வந்தவர் வாங்கிக்கொள்ளட்டும், சோதனை வேண்டாம்.

அதற்கும் முன்னால், 1883-இல் ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். இரக்கத்தால் அல்ல, தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடுவார்களே என்ற பயத்தால். அந்தச் சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டியது தொழிலாளர்கள்தான். இதில் யார் யாருக்குத் தர்மம் போட்டார்கள், சொல்லுங்கள்? ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் கட்டிய காசு அவரைத் தூக்கிவிடும். அடுத்த வருடம் அவர் கட்டும் காசு இன்னொருவரைத் தூக்கும். இதில் கூச என்ன இருக்கிறது?

உதவி கிடைத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

உங்கள் கணவரைவிட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவருக்காவது பிடித்தம் இருந்தது. செயலி வேலையில் உங்களுக்கு அது உண்டா? பல இடங்களில் செயலி நிறுவனங்கள் உங்களைப் போன்றவர்களைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்வதில்லை. முதலாளி யார் என்று தெரிந்த ஆலைக் காலத்தில் போட்ட சட்டங்கள் உங்களை எட்டுவதில்லை. பாதுகாப்பு வேலையோடு அல்ல, ஆளோடு வர வேண்டும். எத்தனை வேலை மாறினாலும் கூடவே வர வேண்டும். இதைக் கேட்கச் சங்கம் இருந்தால் சேருங்கள்.

அப்புறம், அந்தப் படிவம். தாமதித்தால் சில இடங்களில் தவணை போய்விடும். இந்த வாரமே இருவரும் உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவிடுங்கள். அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.