மாத்திரையும் பருந்துக் கண்ணும்

கேள்வி: மேலே வீசப்பட்ட ஆஸ்பிரின் மாத்திரையை அமெரிக்க வில்லாளி பைரன் பெர்குசன் அம்பால் அடித்து நொறுக்குவதைக் காணொளியில் பார்த்தேன். பறவையின் கண்ணை மட்டும் கண்ட அர்ச்சுனனைப் போல, இவர்களுக்குப் பிறவியிலேயே பருந்துக் கண் வாய்த்திருக்கிறது என்கிறேன். என் நண்பர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான். கண் மருத்துவமனையில் 6 மீட்டர் தொலைவிலிருந்து நாம் படிக்கும் அட்டையில், இயல்பான பார்வையைக் குறிக்கும் 6/6 வரியின் எழுத்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். மாத்திரையின் குறுக்களவும் அதையொட்டியதுதான். அந்த வரியைப் படிக்க முடிந்தவர் எவருக்கும் அவ்வளவு தொலைவில் மாத்திரை தெரியும்.

கூர்மையான பார்வை இல்லாமலே உலக சாதனை படைத்தவரும் உண்டு. தென்கொரியாவின் இம் டோங்-ஹியூன் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில், 70 மீட்டருக்கு அப்பாலிருந்த இலக்கில் 72 அம்புகளை எய்து, 720-க்கு 699 புள்ளிகள் எடுத்தார். அவருடைய இடக்கண் பார்வை 6/60 (இயல்பான கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும்), வலக்கண் 6/30, கண்ணாடியும் அணியவில்லை. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அசையாத இலக்கு வேறு, பறக்கும் மாத்திரை வேறு என்பீர்கள். உண்மைதான்; ஆனால் அங்கே கண்ணின் கூர்மை இன்னும் குறைவாகவே உதவும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 10 மீட்டரைக் கடக்க 0.2 நொடி ஆகும். கண்டதற்குக் கை இசையவும் ஏறத்தாழ அதே நேரம் பிடிக்கும். மாத்திரை உச்சியில் நிற்பதைப் பார்த்த பிறகு நாணை விட்டால், அம்பு சேர்வதற்குள் அது முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். ஆகவே மாத்திரை ஏறிக்கொண்டிருக்கும்போதே அது எங்கே வரும் என்று கணித்து அம்பை விட வேண்டும். பெர்குசனின் நீள்வில்லில் குறிபார்க்கும் கருவி ஏதும் இல்லை. கண் குறியைவிட்டு அகலாமலிருக்க, ஒவ்வொரு முறையும் நாண் முகத்தின் அதே இடம்வரை இழுபட்டு, விரல்கள் அதே விதமாக விடுபட வேண்டும்; அதைப் பார்த்துச் சரிசெய்ய நேரமில்லை. (வீசுகிறவரையும் கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்கு, அதே இடத்துக்கு வீசித்தர வேண்டியவர் அவர். கைதட்டலில் அவருக்குப் பங்கு கிடைப்பதில்லை.)

அர்ச்சுனனைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அந்தக் கதை வரும் மகாபாரதத்தின் ஆதி பருவத்திலேயே, அவன் இரவு உண்ணும்போது காற்றில் விளக்கு அணைந்துவிடுகிறது. இருட்டிலும் கை வாயைத் தவறாமல் சேர்வது பழக்கத்தால்தான் என்று உணர்ந்த அவன், அதன்பின் இரவில் வில் பழகத் தொடங்குகிறான். நாணொலி கேட்டு எழுந்து வந்த துரோணர் அவனைத் தழுவிக்கொண்டார்.