ரிமோட் பட்டனை அழுத்தினால் என்ன போகிறது? அகச்சிவப்பு சிக்னலைக் கணினியில் பிடித்துப் படிப்பது பற்றிய கேள்வி பதில்

டிவி, ஏசி, மின்விசிறி ரிமோட்டுகள் அனுப்பும் சிக்னலைக் கணினியில் பதிவு செய்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, தேவைப்பட்டால் நாமே திரும்ப அனுப்புவது பற்றிக் கொங்கு வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் கீழே உள்ளன. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி, கல்லூரி மாணவர்): அண்ணா, குறைந்த செலவில் இதைத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் கிடைக்கும் சாதாரண போட்டோ டயோடு போதாதா?

பதில்: போதாது தம்பி. ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்இடி வெறுமனே எரிந்து அணைவதில்லை. 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிட்டு, அந்தத் துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு அனுப்புகிறது. அறைக்குள் வரும் வெயிலிலிருந்தும் விளக்கு வெளிச்சத்திலிருந்தும் ரிமோட்டின் ஒளியைப் பிரித்தறிவதற்காகவே இந்த ஏற்பாடு. மூன்று கால் கொண்ட ரிசீவர் சில்லு ஒன்றை வாங்கினால், அதற்குள் இருக்கும் வடிகட்டி 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு, துடிப்பு வரும் நேரத்தில் வெளியீட்டைத் தாழ்நிலைக்கும் மற்ற நேரத்தில் உயர்நிலைக்கும் கொண்டுபோகும். கணினிக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரோ வினாடி நீடித்தன என்ற கணக்கு மட்டுமே. அதை எடுத்துக் கொடுக்க, நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஒன்று போதும்.

வாங்கும்போது கால் வரிசையைக் கவனியுங்கள். டிஎஸ்ஓபி1738 என்ற பழைய வகையில் முதல் கால் தரை, இரண்டாவது மின்சாரம், மூன்றாவது வெளியீடு. டிஎஸ்ஓபி38238 வகையில் முதல் கால் வெளியீடு, இரண்டாவது தரை, மூன்றாவது மின்சாரம். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், மாற்றிப் பொருத்திவிட்டுச் சில்லு சூடாகிறது என்று வருபவர்கள் ஏராளம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் இணைப்பதாக இருந்தால் இரண்டாவது வகையை 3.3 வோல்ட்டில் இயக்குங்கள். 5 வோல்ட்டில் இயங்கும் ரிசீவரின் வெளியீட்டை நேராக அதன் காலில் கொடுத்தால் பலகையே பழுதாகலாம்.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால், என் பரிந்துரை, சிக்னலின் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்து கணினித் திரையில் காட்டும், யுஎஸ்பியில் செருகும் 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர்தான். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 10 லட்சம் மாதிரி வேகத்தில் பதிவு செய்தால் அலைவடிவம் கண்ணெதிரே விரியும். பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு (நூலகம்) எதையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், டிவி பழுதுபார்ப்பவர்): ரிமோட்டிலிருந்து ஒளி வருகிறதா என்று கருவி இல்லாமல் பார்க்க முடியுமா?

பதில்: கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள், எல்இடி வெளிர் ஊதா நிறத்தில் மின்னும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பு வடிகட்டி வலுவாக இருந்தால் தெரியாது. அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): ஆர்டுயினோவில் பதிவு செய்தேன். திரையில் 9050, 4450, 610, 520, 600, 530, 610, 1640, 590, 540 என்று வரிசையாக எண்கள் ஓடுகின்றன. இவற்றை எப்படிப் படிப்பது?

பதில்: நீங்கள் பிடித்திருப்பது என்இசி எனப்படும் முறை, நம் ஊரில் கையில் எடுக்கும் ரிமோட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். எண்களை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு இணையிலும் முதல் எண் ஒளி இருந்த நேரம், இரண்டாவது ஒளி இல்லாத நேரம். முதல் இணையான 9050, 4450 என்பது தொடக்க அறிவிப்பு. விதிப்படி அது 9 மில்லி வினாடி ஒளியும் 4.5 மில்லி வினாடி இடைவெளியும் ஆகும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு இணையும் ஒரு பிட். எல்லாவற்றிலும் ஒளி ஏறத்தாழ 562 மைக்ரோ வினாடிதான் நீடிக்கும். இடைவெளியும் அதே அளவு என்றால் சுழியம், அதன் மூன்று மடங்காகிய சுமார் 1690 என்றால் ஒன்று. ஆகவே உங்கள் வரிசை சுழியம், சுழியம், ஒன்று, சுழியம் என்று தொடங்குகிறது.

562 வரவேண்டிய இடத்தில் 610 ஏன் வந்தது என்ற ஐயம் உங்களுக்கு எழுந்திருக்கும். ரிசீவர் சில்லு ஒளி வரும் நேரத்தைச் சற்று நீட்டியும் இடைவெளியை அதே அளவு சுருக்கியும் காட்டுவது இயல்பு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். எனவே ஒப்பிடும்போது 25 விழுக்காடு வரை விட்டுக்கொடுங்கள்.

மொத்தம் 32 பிட். முதல் எட்டு கருவியின் முகவரி, அடுத்த எட்டு அதே முகவரி தலைகீழாக (சுழியம் ஒன்றாகவும் ஒன்று சுழியமாகவும் மாறி), பிறகு எட்டு பிட் கட்டளை, கடைசி எட்டு அந்தக் கட்டளை தலைகீழாக. ஒவ்வொரு சுழியத்துக்கும் எதிரே ஓர் ஒன்று இருப்பதால் 16 சுழியமும் 16 ஒன்றும் கட்டாயம் வந்தாக வேண்டும். அதனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் தொடக்கம் முதல் கடைசி பிட் வரை 67.5 மில்லி வினாடிதான் ஆகும். உங்கள் பதிவில் 67 எண்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்: தொடக்கத்துக்கு 2, பிட்டுகளுக்கு 64, முடிவுத் துடிப்புக்கு 1. குறைந்தால் பதிவு அறுந்திருக்கிறது. எட்டு பிட்டுக்குப் பதிலாக 16 பிட் முகவரி வைத்து, தலைகீழ் முகவரியைக் கைவிட்ட நீட்டித்த வகையும் புழக்கத்தில் உண்டு, அதில் 67.5 என்ற கணக்கு பொருந்த வேண்டியதில்லை.

கேள்வி (திருப்பூர், பனியன் நிறுவனப் பராமரிப்புப் பிரிவு): ஒரே பட்டனுக்கு ஒரு மென்பொருள் முகவரி 4, கட்டளை 8 என்கிறது, இன்னொன்று 32, 16 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். காற்றில் வரும் முதல் எட்டு பிட் 00100000. முதலில் வருவதைப் பெரிய மதிப்பாக வைத்துப் படித்தால் 32. என்இசி விதிப்படி முதலில் வருவதைச் சிறிய மதிப்பாக வைத்துப் படித்தால் 4. கட்டளை 00010000 என்பதும் அவ்வாறே 16 அல்லது 8 ஆகும். ஆர்டுயினோவுக்காகக் கென் ஷெரிஃப் 2009இல் வெளியிட்ட ஐஆர்ரிமோட் நூலகத்தின் பழைய பதிப்புகள் முதல் வழியிலும் புதிய பதிப்புகள் இரண்டாவது வழியிலும் காட்டுகின்றன. பழைய கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்துப் புதிய நூலகத்தில் இட்டு, டிவி அசையவில்லை என்று வருந்துபவர்களின் குறை பெரும்பாலும் இதுதான். அதனால்தான் எண்ணை மட்டும் குறித்து வைக்காமல் மூலக் கால அளவுகளையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மென்பொருள் தரும் எண் அதன் விளக்கம் மட்டுமே.

கேள்வி (கரூர்): சில பட்டன்களை அழுத்திப் பிடித்தால் சிக்னல் மாறுகிறது; வேறொரு ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இரண்டு எண்கள் மாறி மாறி வருகின்றன. ரிமோட் பழுதா?

பதில்: பழுதில்லை. என்இசி முறையில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முழுச் செய்தியும் திரும்ப வராது. 9 மில்லி வினாடி ஒளி, 2.25 மில்லி வினாடி இடைவெளி, ஒரு சிறு துடிப்பு என்ற குறுஞ்செய்தி மட்டும் சுமார் 110 மில்லி வினாடிக்கு ஒருமுறை வரும். மாறி மாறி வருவது பிலிப்ஸின் ஆர்சி5 முறை. அதில் 14 பிட்டுக்குள் ஒரு பிட், பட்டனை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் புரளும்; ஒலி அளவை ஒரே மூச்சில் கூட்டுகிறீர்களா, தனித்தனியாக அழுத்துகிறீர்களா என்பதை டிவி அதை வைத்தே அறிகிறது. நீங்கள் திரும்ப அனுப்பும்போது அந்தப் பிட்டைப் புரட்டாமல் விட்டால் இரண்டாவது அழுத்தத்தை டிவி கண்டுகொள்ளாமல் போகலாம்.

கேள்வி (கோவை, பீளமேடு, மென்பொருள் பணியாளர்): அலுவலக ஏசியை மாலையில் தானாக நிறுத்த விரும்புகிறேன். டிவி ரிமோட் எளிதாகப் பிடிபட்டது. ஏசி ரிமோட்டில் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

பதில்: ஏசி ரிமோட் வேறு இனம். டிவி ரிமோட் 'ஒலியைக் கூட்டு' என்று ஒரு கட்டளையை மட்டும் அனுப்பும். ஏசி ரிமோட்டோ எந்தப் பட்டனை அழுத்தினாலும் மின்நிலை, குளிர்ப்பு முறை, வெப்பநிலை, விசிறி வேகம் ஆகிய முழு நிலவரத்தையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். ரிமோட்டின் திரையில் தெரியும் 24 டிகிரி அதன் சொந்த நினைவில் இருப்பது. ஏசியிடமிருந்து எந்தப் பதிலும் அதற்கு வருவதில்லை.

எல்ஜி ஏசிகளில் காணப்படும் 28 பிட் அமைப்பு ஒன்றைப் பாருங்கள். பதினாறடிமான இலக்கங்களாக (நான்கு பிட்டுக்கு ஓர் இலக்கம்; 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்) எழுதினால், கூல் முறையில் 18 டிகிரிக்கு 8800347 என்று வரும். வேறு எதையும் தொடாமல் 19 டிகிரிக்கு மாற்றினால் 8800448. 20 டிகிரிக்கு 8800549. ஐந்தாவது இலக்கம் 3, 4, 5 என்று ஏறுகிறது. அதனுடன் 15ஐக் கூட்டினால் வெப்பநிலை. ஆறாவது இலக்கமான 4 விசிறி வேகம். கடைசி இலக்கமும் கூடவே ஏறுகிறதே, அது ஏன்? தொடக்கத்தில் உள்ள 88 என்ற அடையாளத்தை விட்டுவிட்டு, அடுத்த நான்கு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 0, 0, 3, 4 சேர்ந்தால் 7; 0, 0, 4, 4 சேர்ந்தால் 8. இதுவே சரிபார்ப்புக் கூட்டல். இது பொருந்தாத செய்தியை ஏசி ஏற்காது. ஆகவே வெப்பநிலை இலக்கத்தை மட்டும் நீங்களே மாற்றி அனுப்பினால் ஒன்றும் நடக்காது. கடைசி இலக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். 21 டிகிரியில் கூட்டுத்தொகை 10 ஆகிவிடுவதால், பதினாறடிமானத்தில் அந்த இடத்தில் ஏ என்ற எழுத்து வரும். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

எந்த ஏசியாக இருந்தாலும் வழி இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பதிவுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள், அசைந்த இடத்தைப் பாருங்கள். கூட்டல் கணக்கு மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீளமும் மாறும், டைக்கின் ரிமோட் ஒன்றின் செய்தி 35 பைட், அதாவது 280 பிட். சுமார் 100 கால அளவுகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கிய நிரலில் இத்தகைய செய்தி பாதியில் அறுந்துபோகும். சில ஏசிகள் நடுவில் 20 மில்லி வினாடி அளவுக்கு இடைவெளி விட்டு அடுத்த பகுதியை அனுப்புவதால், நிரல் அதையே முடிவு என்று எண்ணிவிடும். காத்திருக்கும் நேரத்தை 50 மில்லி வினாடியாக உயர்த்துங்கள். உங்கள் தேவை மாலையில் நிறுத்துவது மட்டும்தான் என்பதால், அணைக்கும் செய்தி ஒன்றை மட்டும் பதிவு செய்து அப்படியே அனுப்பினால் போதும். டீகோட் செய்ய, அதாவது சிக்னலின் பொருளைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.

கேள்வி (சோமனூர், விசைத்தறி உரிமையாளர்): தறிக் கூடத்தில் வைத்தால் யாரும் ரிமோட்டைத் தொடாதபோதே குப்பை எண்கள் வருகின்றன. வீட்டில் அதே சாதனம் ஒழுங்காக இருக்கிறது.

பதில்: கூரையில் வரிசையாக எரியும் விளக்குகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எலக்ட்ரானிக் சோக் வைத்த டியூப்லைட்டுகளும் சிஎஃப்எல் விளக்குகளும் பத்துக் கணக்கான கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் துடிப்பவை. 38 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் வந்துவிட்டால் வடிகட்டியும் ஏமாறும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரிசீவரைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து, ரிமோட் வரும் திசையை மட்டும் பார்க்கச் செய்யுங்கள். தறி மோட்டார்களால் மின்கம்பி வழியாக வரும் இரைச்சலுக்கு, ரிசீவரின் மின்சாரக் காலில் 100 ஓம் மின்தடையும் தரைக்கு 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வையுங்கள்.

கேள்வி (சேலம்): பதிவு சரியாக இருக்கிறது, திரும்ப அனுப்பினால் இரண்டடிக்கு மேல் வேலை செய்யவில்லை.

பதில்: எல்இடியைப் பலகையின் காலிலிருந்தே நேராக எரிய வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ராஸ்பெர்ரி பையின் ஒரு காலால் 16 மில்லி ஆம்பியர்தான் தர முடியும்; நல்ல ரிமோட்டோ எல்இடிக்கு 100 மில்லி ஆம்பியருக்கும் மேலான துடிப்பைக் கொடுக்கும். இடையில் 2என்2222 போன்ற டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தால் அறை முழுவதும் எட்டும்.

அதன் பிறகும் தூரம் குறைவாக இருந்தால் துடிப்பு வேகத்தைப் பாருங்கள். ஆர்சி5 முறைக்கு 36 கிலோஹெர்ட்ஸ், சோனிக்கு 40 கிலோஹெர்ட்ஸ். 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் பக்கத்தில் வைத்தால் இவற்றையும் பிடித்துவிடும். ஆனால் துடிப்பைக் களைந்துவிட்டுக் கொடுப்பதால், மூல வேகம் என்ன என்பதை அது ஒருபோதும் உங்களுக்குச் சொல்லாது. அதை அளக்க டிஎஸ்எம்பி58000 போன்ற, துடிப்பை அப்படியே கடத்தும் கற்றல் ரிசீவர் வேண்டும். அதை லாஜிக் அனலைசரில் இணைத்தால் ஒரு துடிப்பு எத்தனை மைக்ரோ வினாடி என்பது நேரடியாகத் தெரியும். சோனி கருவிகளுக்கு இன்னொன்று: அதே செய்தியை 45 மில்லி வினாடி இடைவெளியில் குறைந்தது மூன்று முறை அனுப்ப வேண்டும்.

கேள்வி (தாராபுரம்): ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். தனியாக நிரல் எழுதத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்குள்ளேயே (கெர்னல்) என்இசி, ஆர்சி5, ஆர்சி6, சோனி, ஜேவிசி முதலியவற்றின் டீகோடர்கள் இருக்கின்றன. துவக்க அமைப்புக் கோப்பில் ஜிபிஐஓ-ஐஆர் என்ற மேலடுக்கை (கூடுதல் வன்பொருள் அமைப்பை) சேர்த்து, ரிசீவரின் வெளியீட்டை ஜிபிஐஓ 18 என்ற காலில் கொடுங்கள். வி4எல் கருவித் தொகுப்பில் வரும் ஐஆர்-கீடேபிள் கட்டளை, பட்டன் அழுத்தங்களை விசைப்பலகை விசைகளாகவே மாற்றித் தரும். பழைய கட்டுரைகள் சொல்லும் லிர்க்-ஆர்பிஐ என்ற டிரைவர் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடி அலையாதீர்கள்.

கேள்வி (உடுமலைப்பேட்டை, விவசாயி): ஐயா, தோப்பில் இருக்கும் போர் மோட்டாரை வீட்டுத் திண்ணையிலிருந்து இந்த முறையில் ஓட்ட முடியுமா? கார் சாவி ரிமோட்டையும் இதே போலப் பிடிக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் முடியாது என்பதே பதில். அகச்சிவப்பு ஒளிக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒரு சுவரோ தென்னை மரமோ இருந்தால் போதும், சிக்னல் நின்றுவிடும், பகல் வெயிலில் தூரமும் குறையும். மோட்டாருக்குச் சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டரை வாங்குங்கள். பேஸ் போனதையும் தண்ணீர் இல்லாமல் ஓடுவதையும் கண்டு நிறுத்தும் வசதியுள்ளதாகப் பார்த்து எடுங்கள். கார் சாவி ரேடியோ அலையில் இயங்குவது. அழுத்தத்துக்கு அழுத்தம் குறியீடு மாறும்படி அமைக்கப்பட்டிருப்பதால், பதிவு செய்து திரும்ப அனுப்பினாலும் கதவு திறக்காது.