நழுவும் ஓட்டுகள்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்பவன். காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, கேட்காமலே அதிபர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போர் நடத்துகிறார்கள். அரசியலமைப்பை மீறும் போருக்குத் துணைபோகும் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பதவி நீக்க விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ ஏன் இழுக்க முடிவதில்லை? மனம் வெறுத்துப்போகிறது.

கே.

அன்புள்ள கே.,

இதே விஷயம் கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உடனே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் சின்னது. காங்கிரஸ் உறுப்பினர்களைப் பதவி நீக்க விசாரணைக்கு உட்படுத்தும் முயற்சியை காங்கிரஸின் மேலவையான செனட் 1799-லேயே, முன்னாள் செனட்டர் வில்லியம் பிளவுண்ட் விவகாரத்தில், தள்ளிவிட்டது. அவையில் பேசியதற்கும் ஓட்டுப் போட்டதற்கும் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. தொடக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். 1971-ல் வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை செனட்டர் மைக் கிராவல் ஒரு துணைக்குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். அவரைக் காத்தது இதே பாதுகாப்புதான். சரி, அதை விடுங்கள்.

என் கவலை வேறு. துணைபோனவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். எதற்கும் துணைபோகாமல், எதையும் எதிர்க்காமல், கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருப்பவர்களை என்ன செய்வது?

1999 ஏப்ரல் 28. யுகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு போடத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை வரிசையாக ஓட்டெடுப்பு நடத்தியது. போர் அறிவிக்கலாமா? ஆதரவு 2, எதிர்ப்பு 427. அப்படியானால் படைகளைத் திரும்பப் பெறலாமா? ஆதரவு 139, எதிர்ப்பு 290. விமானத் தாக்குதலையாவது ஆதரிக்கிறோமா? 213-க்கு 213. தீர்மானம் தோற்றது. போர் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், ஆதரிக்கவும் மாட்டோம்! அடுத்த மாதம் அதே போருக்குப் பணம் மட்டும் ஒதுக்கினார்கள். டாம் கேம்பெல் என்ற உறுப்பினரும் இன்னும் சிலரும் அதிபர் கிளிண்டன் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடர உங்களுக்குத் தகுதி இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. சபை தெளிவாக ‘நிறுத்து’ என்று சொல்லியிருந்தால் அந்த வழக்குக்குக் கொஞ்சமாவது பலம் இருந்திருக்கும். 1973-ல் நிக்சனின் வீட்டோவை முறியடித்துக் கொண்டுவந்த போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டம், காங்கிரஸ் அனுமதி இல்லாத சண்டைக்கு 60 நாள் கெடு வைக்கிறது. குண்டுவீச்சு 78 நாள் நடந்தது.

அன்றைய கணக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எப்படி முடிந்தாலும் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று காட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு ஓட்டு இருந்தது. போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே உண்டு. அதை அவர்கள் கடைசியாகப் பயன்படுத்தியது 1942-ல். அந்த அதிகாரத்தை அதிபர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இவர்களாகவே தூக்கிக் கொடுத்தது பாதி என்பேன்.

2002-ல் ஈராக் போருக்கு அனுமதி தரும் ஓட்டெடுப்புக்கு முன்பு, அமெரிக்காவில் இருந்த என் நண்பர் தன் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார். வந்த பதிலைப் பிறகு எனக்குக் காட்டினார். கெட்டியான தாள், மேலே முத்திரை, கீழே நீல மையில் கையெழுத்து. ‘உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறேன், நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறேன்.’ எந்தப் பக்கம் ஓட்டுப் போடப்போகிறார் என்று ஒரு வரி கிடையாது. நண்பருக்கோ பதில் வந்ததே பெருமை. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அப்புறம் அந்த மனிதர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அடுத்த தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்றேன். அவருக்கேதான்! தங்கமான மனிதர், அவர் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால் அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதில் கொஞ்சம் உங்கள் மேலும் இருக்கிறது, கே. அதிபர்களைத் திட்டுகிறீர்கள், நீதிமன்றம் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. 1964-ல் வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-0 என்று நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங். 1968 தேர்தலில் இருவருமே தோற்றார்கள். போர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘இவர் அன்று சரியாகச் சொன்னார்’ என்று அவர்களைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான வாக்காளர்கள் இல்லை. இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்?

வெறுத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முதலில் இதைச் செய்யுங்கள். அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டால் பெயர் வாரியாக ஓட்டைப் பதிய வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அந்தப் பதிவுகள் எல்லோரும் பார்க்கக் கிடைக்கின்றன. உங்கள் உறுப்பினர் எதில் ‘ஆம்’, எதில் ‘இல்லை’, எந்த நாளில் அவைக்கே வரவில்லை என்று பாருங்கள். படைகளைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தை ஒரே ஒரு உறுப்பினர்கூடக் கொண்டுவர 1973 சட்டத்தில் வழி இருக்கிறது. அதை ஏன் செய்யவில்லை என்று அவருக்கு எழுதிக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் தொகுதிக் கூட்டத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் திரும்பக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், பெயரோடு. கட்டாயம் வெளியிடுகிறேன்.

அன்புடன்.